112/3 எங்கே போனது?

போன மாசியில் பெரியப்பா போன் செய்தார். "ஏலே, நம்ம ஊர்ப் படம் ஒங்கிட்ட கம்ப்யூட்டர்ல இருக்குல்லா? அதுல 112/3-ஐ மட்டும் எடுத்து ஒரு தாள்ல போட்டுக் குடு, வக்கீல் கேக்காரு." இரண்டு நிமிட வேலை என்று மடிக்கணினியைத் திறந்தேன். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிழைப்புக்குப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் ஜி.ஐ.எஸ். வேலை, அதாவது கணினி வரைபட வேலை பார்க்கிறேன், சொந்த ஊருக்கு ஒன்று செய்யாமல் இருந்தால் எப்படி என்று புலப்படங்களை ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் உருவாக்கிய படம் அது. எங்கள் நிலத்தின் சர்வே எண்ணான 112/3 என்று தேடினேன். அப்படி ஒரு நிலமே இல்லை என்று வந்தது.

112/3ஏ இருந்தது. 112/3பி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. 2023-ல் ஊருக்குப் போயிருந்தபோது புது உட்பிரிவுப் படம் கையில் கிடைத்தது. வந்ததும் வராததுமாகப் பழைய கட்டத்தை அழித்துவிட்டு இரண்டு புதுக் கட்டங்களை வரைந்து சேமித்திருக்கிறேன். படத்தை நடப்புக்குக் கொண்டுவந்துவிட்ட நிறைவோடு டீ குடிக்கவும் போயிருப்பேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை, அழித்தது என் கைதான்.

வக்கீலுக்கு ஏன் பழைய எண் வேண்டும் என்றால், தாத்தா காலமான பிறகு பெரியப்பாவும் அப்பாவும் 2004-ல் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 112/3 என்றுதான் இருக்கிறது, அதில் கீழ்பாதி ஒருவருக்கு மேல்பாதி ஒருவருக்கு. இப்போது பட்டாவில் இருப்பது ஏ, பி. வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் 112/3ஏ என்று மட்டும் தேடினால் முந்தின கதை கிடைக்காது, 112/3 என்று மட்டும் தேடினால் பிந்தின கதை தவறிப்போகும். இரண்டையும் தேடி, இது அதன் பிள்ளை என்று காட்டவேண்டும். என் படத்தில் பிள்ளைகள் இரண்டும் இருந்தன, பெற்றதைக் காணோம்.

இது என் ஒருவனுடைய கவனக்குறைவு மட்டும் இல்லை, இந்தத் துறையோடு கூடப் பிறந்த நோய். கணினி வரைபடம் காகித வரைபடத்திலிருந்து வந்தது. காகிதம் ஒரு நாளில் அச்சாகும், அந்த நாளில் உலகம் எப்படி இருந்ததோ அதைச் சொல்லும், அவ்வளவுதான். கணினிக்கு வந்தபோது அந்தக் காகிதத்தையே அடுக்கடுக்காக உள்ளே வைத்தோம்: ஒரு அடுக்கில் ரோடு, ஒரு அடுக்கில் குளம், ஒரு அடுக்கில் நிலம். எங்கே, என்ன என்று இரண்டு கேள்விக்கு இடம் ஒதுக்கினார்கள். எப்போது என்ற மூன்றாவது கேள்விக்குக் கோப்பின் பெயரில்தான் இடம் கிடைத்தது. என் கணினியிலேயே "ஊர்_புதுசு", "ஊர்_புதுசு_2", "ஊர்_கடைசி", "ஊர்_கடைசி_சரியானது" என்று நான்கு கோப்புகள் இருக்கின்றன, எது எதற்கு முந்தியது என்று எனக்கே தெரியாது. (112/3 கடைசியில் "புதுசு_2"-வில்தான் கிடைத்தது. பெரியப்பாவுக்குத் தாள் போய்ச் சேர்ந்தது.)

1980களின் கடைசியிலேயே இதைப் பற்றித் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்கரான கெயில் லாங்ரான் 1992-ல் இதற்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார். அன்றைக்குப் பேசப்பட்ட வழிகளை எங்கள் ஊர் நிலத்தை வைத்தே சொல்லிவிடலாம். முதல் வழி, வருஷத்துக்கு ஒரு முழுப் படம் எடுத்து அடுக்கி வைப்பது, கல்யாண ஆல்பம் மாதிரி. ஊரில் ஆயிரம் துண்டு நிலம், அந்த வருஷம் மாறியது ஒன்று. அந்த ஒன்றுக்காக மற்ற 999-ஐயும் திரும்ப நகல் எடுக்கவேண்டும். அது போகட்டும், வட்டு இப்போது மலிவு. ஆனால் 2003 படத்தில் ஒரு கட்டமும் 2005 படத்தில் இரண்டு கட்டமும் இருந்தால் நடுவில் நடந்தது பாகப்பிரிவினையா, கிரயமா, வரைந்தவரின் கைப்பிழையா என்று எந்தப் படமும் சொல்லாது. இரண்டாவது வழி, எல்லாக் காலத்து வரப்புகளையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டு, வருகிற மிகச் சின்னத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு வரலாறு எழுதுவது. கேட்க அழகாக இருக்கும். நான்கு தலைமுறைப் பாகப்பிரிவினைக்குப் பிறகு பார்த்தால் படம் பொரிகடலை மாதிரி உதிர்ந்து கிடக்கும். மூன்றாவது, நிலைமையை எழுதாமல் நிகழ்ச்சியை எழுதுவது: இன்ன தேதியில் இது உடைந்தது, இன்னது பிறந்தது. எனக்கு இதுதான் பிடிக்கிறது, ஊரில் கேட்கிற கேள்வியெல்லாம் இந்த வகைதான். யாரும் "இது என்ன நிலம்" என்று கேட்பதில்லை, "எப்ப இருந்து இவன்கிட்ட இருக்கு" என்றுதான் கேட்கிறார்கள்.

நிலத்துக்கே இப்படி என்றால் குளத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம். சில வருஷம் முன்பு ஒரு திட்டத்துக்காகக் குளங்களை வரைந்து கொடுத்தோம். கிடைத்த செயற்கைக்கோள் படம் ஏப்ரல் மாதத்தது, தண்ணீர் தெரிகிற ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். பரப்பளவு கணக்கிட்டால் பதிவேட்டில் இருப்பதில் பாதிகூட வரவில்லை. "பாதிக் குளம் ஆக்கிரமிப்பு" என்று ஒரு வரி எழுதத் துணிந்துவிட்டேன், நல்லவேளையாக அனுப்புவதற்கு முன் ஒரு குளத்துக்கு நேரில் போனோம். அங்கிருந்த நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சித்திரைக் கொளம்லா. மறுகால் பாயுறப்ப வந்து பாருங்க, அந்தா அந்த ஒடை வரைக்கும் நிக்கும்" என்று கரைக்கு எதிர்ப்பக்கமான உள்வாயைத் தாண்டிக் கையைக் காட்டினார். பதிவேட்டில் இருப்பது முழுக்குளம். நான் வரைந்தது கோடைக்குளம். இரண்டும் ஒரே பெயரில், ஒரே எண்ணில், ஒரே கட்டத்தில்.

இதற்கு ஓரளவு நல்ல தீர்வு வந்திருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையின் முதல் கோள் 1972-ல் மேலே போனது, 2008-ல் அந்தப் படங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 1984 முதலான படங்களைக் கோத்து, பூமியில் ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்திலும் எத்தனை சதவீத நேரம் தண்ணீர் நின்றது என்று ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016-ல் ஒரு படம் வெளியிட்டது. அதில் நம் குளங்களைப் பார்த்தால் கரையை ஒட்டி, மடைப்பக்கம் அடர்நீலமாகவும் உள்வாய்ப் பக்கம் போகப்போக வெளிறியும் தெரியும். குளத்துக்கு ஓரம் என்ற ஒன்று கிடையாது, இத்தனை மாதம் இதுவரை என்ற கணக்குதான் உண்டு என்பதை அண்ணாச்சி கைநீட்டிச் சொன்னார், இவர்கள் நிறத்தில் சொன்னார்கள். ஒரு குறை இருக்கிறது. நம்மூர்க் குளம் பெருகுவது ஐப்பசி, கார்த்திகையில். வானம் முழுக்க மேகம் கவிந்திருப்பதும் அப்போதுதான். மேலிருந்து சாதாரணக் கேமரா பார்த்தால் பஞ்சுமூட்டைதான் தெரியும், வானம் தெளிந்து படம் கிடைக்கும்போது பாதித் தண்ணீர் பிசானப் போக நெல்லுக்குப் போயிருக்கும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை, சென்டினல்-1 போன்றவற்றை, சேர்த்துப் பார்த்தால்தான் நம் பக்கத்துக்கு நியாயம்.

வெள்ளப் படங்களிலும் இதே கோளாறு. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு நான் பார்த்த வெள்ளப் படம் ஒவ்வொன்றிலும் பொருநை என்கிற தாமிரபரணியின் இரு பக்கமும் ஒரே நீலத்திட்டு. ஆற்று வெள்ளம் எல்லா ஊரிலும் ஒரே மணிக்கு உச்சத்தில் நிற்பதில்லை, மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஏறிய உச்சத்தையெல்லாம் சேர்த்து ஒரே திட்டாகப் போட்டால், எந்த மணியிலும் எந்த நிமிடத்திலும் உலகத்தில் இல்லாத ஒரு உருவம் கிடைக்கும். பயனுள்ள பொய் என்று வேண்டுமானால் சொல்லலாம். இதில் இன்னொரு கூத்து, நம்மில் பாதிப்பேர் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையில் தேதிப் பத்தி உண்டு, அதில் மணி எழுத இடம் கிடையாது.

சரி, நிலத்துக்கு வருகிறேன். நான் அழித்ததை எப்படி அழிக்காமல் இருந்திருக்கலாம் என்று யோசித்தபோது, கணினிக்காரர்கள் முப்பது நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிற ஒரு யோசனை நம் சார்பதிவாளர் அலுவலக நடைமுறையில் எப்போதோ இருந்ததைக் கவனித்தேன். அவர்கள் சொல்வது, ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு கடிகாரம் வேண்டும். ஒன்று, உலகத்தில் அது நடந்த காலம். மற்றது, ஏட்டில் அது பதிந்த காலம். எங்கள் பாகப்பிரிவினையையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டது 2004 பங்குனி. பதிந்தது அந்த வருஷம் ஆனி. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் எழுதிய தேதியிலிருந்து நான்கு மாதம் அவகாசம் கொடுக்கிறது, அதற்குள்தான் போனார்கள். அப்படியென்றால் நிலம் எப்போது பிரிந்தது? அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்வது, பதிந்த பத்திரம் பதிந்த நாளிலிருந்து அல்ல, பதிவே தேவையில்லாமல் இருந்திருந்தால் எந்த நாளிலிருந்து செல்லுமோ அந்த நாளிலிருந்து செல்லும். இரண்டு கடிகாரத்தையும் பிரித்து வைத்து, எதற்கு எதைப் பார்க்கவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல். இந்த இரண்டு காலத்துக்கும் தரவிதி சேர்த்தது 2011-ல்.

எங்கள் நிலத்துக்கு இன்னும் இரண்டு தேதி உண்டு. தாலுகாவில் உட்பிரிவு செய்து பட்டா மாறியது 2007. நான் படத்தில் மாற்றியது 2023. "2005-ல் அந்த நிலம் யாருடையது?" என்று ஒருவர் கேட்டால் பத்திரப்படி பிரிந்துவிட்டது. "2005-ல் அலுவலக ஏட்டில் யாருடையது?" என்று கேட்டால் தாத்தா பெயரில் முழுசாக இருக்கிறது. இரண்டு பதிலும் சரி. அன்றைக்கு ஏட்டை நம்பி ஒருவர் எதையாவது செய்திருந்தால், அவர் பார்த்தது என்ன என்று நாளைக்குக் காட்டவேண்டுமல்லவா? ஏட்டைத் திருத்தும்போது பழைய வரியைத் துடைத்துவிட்டால் அந்த மனிதரைப் பொய்யராக்கிவிடுகிறோம். வில்லங்கச் சான்று கேட்கிறவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கேட்கிறார், கவனித்தீர்களா? அதைவிடச் சுத்தமான காலக்கேள்வி எந்த மென்பொருள் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. பயிர்க் கணக்கான அடங்கல் மட்டும் என்ன, இந்தப் பசலியில் (வருவாய்த்துறையின் ஆண்டு) கார் போகத்துக்கு என்ன போட்டான், பிசானம் என்ன போட்டான் என்று பசலிக்குப் பசலி தனியாக எழுதுகிறார்கள், போன வருஷத்து வாழையை அழித்து அதன்மேல் நெல்லை எழுதுவதில்லை. உட்பிரிவு எண்ணும் அப்படித்தான்: 112, அதில் 3, அதில் ஏ, அது உடைந்தால் ஏ1, ஏ2. எண்ணைப் படித்தாலே பரம்பரை தெரியும். இந்த ஏடுகளில் குளறுபடியும் கையூட்டும் இல்லை என்று சொல்லவரவில்லை. கட்டமைப்பு யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது, அதை நான் கணினிக்குள் கொண்டுவந்தபோது அந்த யோசனையை வாசலிலேயே விட்டுவிட்டேன்.

உடைவதில் இன்னொரு வம்பு, உடைந்த பிறகு எது பழையது? 112/3 விஷயத்தில் பழையது செத்து இரண்டு புதியவை பிறந்தன, தெளிவாக இருக்கிறது. மாவட்டத்தில் அப்படி இல்லை. 1790-ல் கும்பினியார் அமைத்த திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1910-ல் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ராமநாதபுரத்துக்குப் போயிற்று, 1956-ல் செங்கோட்டை வந்து சேர்ந்தது, 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. இத்தனைக்கும் பெயர் மாறவில்லை. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டம் 30,77,233 பேர் என்பதை எடுத்து இன்றைய மாவட்ட எல்லையின் மேல் ஒட்டி, சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று வகுத்து வண்ணம் தீட்டிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இப்போது தென்காசி மாவட்டத்துக்காரர்கள். பெயரை வைத்துக் கோத்தால் இதுதான் நடக்கும். செங்கோட்டையில் 1950-ல் பிறந்து வீடு மாறாமல் அதே தெருவில் இருக்கிற ஒருவர் திருவிதாங்கூர்-கொச்சியில் பிறந்து, ஆறு வயதில் சென்னை ராஜ்யத்துக்கு வந்து, 1969-ல் தமிழ்நாட்டுக்காரராகி, எழுபதை நெருங்கும்போது தென்காசி மாவட்டத்துக்காரர் ஆகியிருக்கிறார். மனிதர் வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரே ஒரு "மாவட்டம்" பத்தி வைத்திருக்கிற அட்டவணை அவரைப் பற்றி என்ன சொல்லும்?

கொற்கை இதைவிடக் கஷ்டம். இங்கே பிரித்த தேதி என்று அரசாணை கிடையாது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி கொல்கை என்று குறித்துவைத்த பாண்டியர் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்க, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் பார்த்தது அதை. அதுவும் தூர்ந்து புன்னைக்காயலுக்குப் போயிற்று. இன்றைக்குக் கொற்கைக்குப் போனால் வயலும் வாழையும்தான், கடல் பல மைல் தள்ளி. இதைப் படத்தில் ஏற்றினால் மென்பொருள் கேட்கும், தொடக்கத் தேதி என்ன, முடிவுத் தேதி என்ன? கொற்கை எந்த நாள் துறைமுகமாக இருப்பதை நிறுத்தியது? தேதி தெரியாவிட்டால் வருஷத்தைப் போடுவோம், மென்பொருள் தானாக அதை ஜனவரி 1 ஆக்கிக்கொள்ளும். உலகத்தில் உள்ள தரவுத்தளங்களில் பாதி நிகழ்ச்சிகள் ஜனவரி 1 நள்ளிரவில் நடந்திருப்பது இப்படித்தான். இதற்கு மருந்தும் வந்துவிட்டது. தேதி எழுதுவதற்கான ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின் 2019-ஆம் வருஷத்து இரண்டாம் பகுதியில் "சுமாராக", "சந்தேகம்" என்பதற்கெல்லாம் குறி இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள் அதைப் படிக்காது, ஆகவே நான் எளிய வழியில், இதற்கு முன்னால் இல்லை, இதற்குப் பின்னால் இல்லை என்று இரண்டு தேதி வைக்கிறேன்.

பழைய தாள்களுக்கு இது இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டுப் பெட்டியில் பூட்டன் காலத்துக் கிரயச் சீட்டு ஒன்று, கொல்லம் 1098 துந்துபி வருஷம் மாசி என்று தொடங்குகிறது. நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும், தமிழ் வருஷம் சித்திரையில், பசலி ஜூலையில், இங்கிலீஷ் வருஷம் ஜனவரியில். துந்துபி என்பதை மட்டும் வைத்தால் 1923 மாசியும் ஆகலாம், 1983 மாசியும் ஆகலாம், அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பெயர். கொல்லம் 1098 கூட இருந்ததால் 1923 என்று நின்றது, பசலி 1332. எல்லைகளில் ஒன்றாக "கால்வாய்க்குத் தெற்கு" என்று இருக்கிறது, அந்தக் கால்வாய் இன்றும் அதே இடம். மற்ற மூன்று எல்லையும் ஆட்களின் பெயர்.

கடைசியில் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. வரைபடங்களுக்கான தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்-இல் ஒரு அட்டவணை, ஒவ்வொரு துண்டுக்கும் நடந்த காலம், பதிந்த காலம் என்று இரண்டு கால இடைவெளி. அதற்கு அடித்தளமான போஸ்ட்கிரஸில் 2012 முதல் இடைவெளிக்கென்றே ஒரு வகை இருக்கிறது. ஒரே எண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரண்டு காலத்தைப் போடவே விடாத பூட்டும் போடலாம், போட்டேன். இன்னொரு சின்ன அட்டவணையில் நிகழ்ச்சி: எது, எப்போது, எதிலிருந்து எது. அழிக்கும் உரிமையை எனக்கு நானே எடுத்துவிட்டேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 3.14 பதிப்பிலிருந்து காலத்தை இழுத்து ஓட்டிப் பார்க்கிற பட்டை ஒன்று உண்டு, 2020-ல் வந்தது. அதை வைத்துப் பங்குனியில் ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்கு ஓட்டிக் காட்டினேன். 2004-ல் கட்டம் இரண்டாகப் பிரிவதைப் பார்த்து அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, கூட இருந்து பிரித்தவர்தானே. "இன்னும் பின்னால போ" என்றார். பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. "அப்ப அந்த ஓரத்துல கெணறு கெடையாதுலே. வடக்கு வரப்பு இவ்வளவு நேரா இருக்காது, ஒரு பனை நின்னுது, அதச் சுத்தி வளைஞ்சு போவும்."

எழுதிக்கொண்டேன். "கெணறு எப்ப வெட்டுனது பெரியப்பா?"

"ஒங்க ஆச்சி தவறுன மறு பிசானம்."

"பனை?"

"கெணறு வெட்டுறதுக்கு முன்னாலயே சாஞ்சிட்டு. அந்தத் தடியத்தான் கெணத்துக்கு ஏத்தம் போட்டோம்."

முன், பின், ஊடே, முட்டிக்கொண்டு என்று இரண்டு கால இடைவெளிக்கு நடுவே பதின்மூன்று விதமான உறவுதான் இருக்க முடியும் என்று கணினி அறிவியலாளர் ஜேம்ஸ் ஆலன் 1983-ல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பெரியப்பா பத்து நிமிஷத்தில் அதில் ஆறேழைத் தொட்டுவிட்டார், ஒரு தேதிகூடச் சொல்லாமல். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டேன், ஒரே ஒரு முளை அடித்தால் மொத்தமும் நின்றுவிடும். ஆச்சி தவறிய தேதி. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அத்தைக்குத் திதி ஐப்பசி தேய்பிறை துவாதசி. வருஷா வருஷம் கும்பிடுதோம், இது தெரியாதா?"

"வருஷம்மா. எந்த வருஷம்?"

"வருஷத்த யாரு வச்சுக்கிட்டா? அந்தக் கெணறு வெட்டுனதுக்கு முந்துன வருஷம்னு நெனைக்கேன். ஒங்க பெரியப்பாகிட்டக் கேளு, அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும்."